ஊராட்சி முத்திரையும் நோட்டரி முத்திரையும் ஒன்றா? கூடவே அந்த ஏழு நாள் கணக்கும்

ஜனவரி 5, 2026 – கேள்வி

ஊராட்சி செயலராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு சந்தேகம்.

ஒன்று: எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்குக் குடும்ப அட்டையில் ஒரு பெயர், மகனின் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயராக வேறொன்று. மகன் அமெரிக்காவில் இருக்கிறார். "இரண்டு பெயரும் ஒருவரே" என்று ஒரு தாள் வேண்டுமாம். எழுதிக்கொண்டே வந்துவிட்டார், நான் கையெழுத்துப் போட்டு ஊராட்சி முத்திரை வைத்தால் போதும் என்கிறார். "அங்கே டவுன் ஆபீஸ் கிளார்க்கே நோட்டரி வேலையும் பார்க்கிறார், இங்கே உங்களுக்கு என்ன கை வலிக்கிறதா" என்று மகன் போனில் கேட்கிறார். போடலாமா?

இரண்டு: 26ஆம் தேதி கிராம சபை. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம். 19ஆம் தேதி நோட்டீஸ் ஒட்டினால் ஏழு நாள் சரியாக வருகிறது. சரிதானே?

ஜனவரி 5, இரவு

தம்பி, இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில்.

முதலில் முத்திரை. நீங்கள் நோட்டரி இல்லை. நம் நாட்டில் நோட்டரி என்பது 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் கீழ் மத்திய அரசோ மாநில அரசோ நியமிக்கும் ஆள். வழக்கறிஞராகப் பத்து வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு வருடம். சத்தியம் செய்துவைத்து பிரமாணப் பத்திரம் வாங்குவது அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. ஊராட்சி செயலருக்கு அப்படி ஒரு வேலையை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் முத்திரை வைத்தால் அது ஊராட்சி முத்திரை பட்ட வெறும் தாள். போகிற இடத்தில் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதோடு போனால் உங்கள் அதிர்ஷ்டம். நாளைக்கு சொத்துத் தகராறில் அதே தாள் வெளியே வந்தால் "இரண்டு பெயரும் ஒருவரே என்று உமக்கு எப்படித் தெரியும்" என்று உங்களைத்தான் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள்.

பெரியவரை நோட்டரியிடம் அனுப்புங்கள். அவரே நேரில் போக வேண்டும். மகன் போனில் பேசினால் ஆகாது. அந்தத் தாள் அமெரிக்காவுக்குத்தான் போகிறது என்றால் நோட்டரியோடு முடியாமலும் போகலாம். மாநில அரசு அளவில் ஒரு சான்று, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (நம் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாகக் கொடுக்கும் சான்று) என்று கேட்பார்கள். எந்த அளவுக்கு வேண்டும் என்று கேட்கிற அலுவலகத்திடமே மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

இனி ஏழு நாள். 19இல் ஒட்டினால் நடுவில் எத்தனை முழு நாள் இருக்கிறது? 20, 21, 22, 23, 24, 25. ஆறு. ஒட்டிய நாளையும் தள்ளுங்கள், கூட்ட நாளையும் தள்ளுங்கள், இடையில் ஏழு இருக்க வேண்டும். 18ஆம் தேதிக்குள் ஒட்டியாக வேண்டும். இந்த வருடம் 18 ஞாயிறு. அதற்கு முந்தின மூன்று நாளும் பொங்கல் விடுமுறை. ஆகவே 14ஆம் தேதிக்குள் பலகையில் ஏறிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் நானே ஒருமுறை வகையாக மாட்டியிருக்கிறேன். அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 6, காலை

அமெரிக்கா பற்றி ஒரு வார்த்தை. அந்த மகன் சொல்வது பொய் இல்லை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நோட்டரிகளை நியமிக்கிறது. வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. விண்ணப்பம் போட்டு, சில மாநிலங்களில் பரீட்சை எழுதி, பிணையப் பத்திரம் கொடுத்து வாங்கிவிடலாம். அதனால் நகர அலுவலக எழுத்தர், வங்கிக் காசாளர் எல்லாம் கூடுதலாக நோட்டரியாகவும் இருப்பார்கள். நம் ஊரில் பத்து வருட வக்கீலுக்குக் கொடுக்கிற வேலையை அங்கே கவுன்டரில் இருக்கிற பெண்ணே செய்கிறாள் என்றால், அங்கே நோட்டரி என்பவர் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்: "இந்த ஆள் என் முன்னால் வந்தார், அடையாளம் காட்டினார், என் கண் எதிரே கையெழுத்துப் போட்டார்." தாளில் இருப்பது உண்மையா பொய்யா என்று அவர் சொல்வதில்லை.

யோசித்தால் இங்கும் அதேதான். நாம்தான் நோட்டரி முத்திரை விழுந்தால் உள்ளே எழுதியது எல்லாம் வேதவாக்கு என்று நினைத்துக்கொள்கிறோம்.

புளோரிடாவில் நோட்டரி கல்யாணமே செய்து வைக்கலாம். இங்கே தலைகீழ். நோட்டரிகள் திருமணப் பத்திரமும் விவாகரத்துப் பத்திரமும் போட்டுக் கொடுக்கக் கூடாது, அதற்கு அதிகாரம் கிடையாது என்று 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் குறிப்பாணையே அனுப்பியது. அனுப்ப வேண்டி வந்தது என்றால் எவ்வளவு நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 6, மதியம்

"ஒட்டிய நாளைத் தள்ளுவது சரி, கூட்ட நாளை ஏன் தள்ள வேண்டும்? இது உங்கள் சொந்தச் சட்டமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி.

"அன்றிலிருந்து" என்று சொன்னால் முதல் நாள் கணக்கில் சேராது. அது பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 1897இலிருந்து இருக்கிறது. கடைசி நாளைத் தள்ளுவது எங்கே வருகிறது என்றால், "இத்தனை நாளுக்குக் குறையாமல்" என்று எழுதியிருக்கும் இடத்தில். குறையாமல் என்றால் அத்தனை நாளும் முழுதாகக் கழிய வேண்டும் என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டிருக்கின்றன. "ஒரு மாதத்துக்குக் குறையாமல்" என்ற சொல்லை வைத்து நாகர்கோவில் நகராட்சிக்கு எதிரான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வக்கீல்கள் இன்றும் அதைத்தான் நீட்டுவார்கள்.

ஒவ்வொரு விதியிலும் சொல் மாறும். எல்லாச் சொல்லையும் நினைவில் வைத்திருக்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. அதனால் நான் கற்றுக்கொண்ட வழி: எப்போதும் இரண்டு முனையையும் தள்ளிவிடு. ஒருநாள் அதிகம் கொடுத்ததற்காக எந்தத் தீர்மானமும் செல்லாமல் போனதில்லை.

ஜனவரி 7

சொன்ன கதை.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஒரு ஊராட்சியின் நோட்டீஸ் வேலை என் தலையில் விழுந்தது. அங்கே எழுத்தர் விடுப்பு. நான் போய் 8ஆம் தேதி ஒட்டினேன். எட்டும் ஏழும் பதினைந்து என்று பள்ளிக்கூடக் கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கூட்டம் நடந்தது. வந்தவர்கள் எண்ணிக்கையும் குறைவில்லை. வீடு கட்டும் திட்டத்துக்குப் பயனாளிகள் பட்டியலைப் படித்து ஒப்புதல் வாங்கினார்கள். பட்டியலில் பெயர் வராத ஒருவர் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். பட்டியலில் இன்ன தவறு இருக்கிறது என்று அவர் எழுதவில்லை. "கிராம சபைக்கு ஏழு நாள் முன்னறிவிப்புத் தரவில்லை, ஆகவே கூட்டமே செல்லாது" என்று எழுதினார். யாரோ விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விசாரணை வந்தது. முதல் கேள்வி: நோட்டீஸ் எந்தத் தேதியில் ஒட்டப்பட்டது? ஆதாரம் எங்கே? நோட்டீஸில் கூட்டத் தேதி இருந்தது, தட்டச்சு செய்த தேதி இருந்தது, ஒட்டிய தேதி எங்குமே இல்லை. கடைசியில் கூட்டத்தை மறுபடியும் கூட்ட வேண்டியதாயிற்று. அதே பட்டியல், அதே ஆட்கள், அதே கைதூக்கல். இடையில் இரண்டு மாதம் போய்விட்டது. மழைக்கு முன் அஸ்திவாரம் போட வேண்டிய வீடுகள் நின்றன. பட்டியலில் முதலில் இருந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

ஒட்டினால் போதுமா, கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: கிழிவதைவிட ஆபத்து ஆடு. மைதாப் பசை ஆட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். வரிவிதிப்பு ஆட்சேபணை நோட்டீஸ் ஒன்றை ஒட்டிய அன்று மாலையே ஒரு ஆடு முழுதாகத் தின்றுவிட்டது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

அதிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட பலகைக்கு உள்ளேதான். பூட்டுச் சாவி என் இடுப்பில்.

ஜனவரி 8

நோட்டரி விஷயத்துக்குத் திரும்புவோம். பிறப்புப் பதிவு பற்றி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார், குழந்தை பிறந்து நான்கு மாதம், வீட்டுப் பிரசவம், பதியவில்லை.

கிராம ஊராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவாளர் விஏஓ. எங்கள் வேலை அல்ல. ஆனாலும் மனு எழுதித் தரச் சொல்லி ஜனங்கள் எங்களிடம்தான் வருவார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டம் இது. 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம் கட்டினால் போதும். 30 நாள் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால் உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியும் நோட்டரி முன் செய்த பிரமாணப் பத்திரமும் வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் உத்தரவு. ஆகவே நோட்டரியிடம் போங்கள்.

ஜனவரி 9, காலை

நேற்று எழுதியதில் தவறு. ஒரு வக்கீல் அம்மா கீழே சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. 2023 திருத்தம் அந்த வருடம் அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 30 நாளிலிருந்து ஒரு வருடம் வரையிலான பதிவுக்கு இப்போது நோட்டரி பிரமாணப் பத்திரம் கிடையாது, தானே சான்றொப்பமிட்ட ஆவணம் போதும். அதிகாரியின் அனுமதியும் கட்டணமும் அப்படியே இருக்கின்றன. ஒரு வருடம் தாண்டினாலும் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் இல்லை. மாவட்ட ஆட்சியரோ, கோட்ட அளவிலான மாஜிஸ்திரேட்டோ, ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோ.

நான் பணியில் இருந்த காலம் முழுக்கப் பழைய விதிதான், அது கையில் ஊறிவிட்டது. நேற்றைய குறிப்பை அழிக்கவில்லை. படித்துவிட்டு யாராவது ஏற்கெனவே நோட்டரியிடம் போயிருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

வக்கீல் அம்மாவே நோட்டரியும்கூட. அவர் கேட்கிறார்: "ஊராட்சி ஆட்களே, நீங்கள்தான் தேவையில்லாத இடத்திலெல்லாம் நோட்டரி தாள் கேட்டு ஜனங்களை எங்களிடம் விரட்டுகிறீர்கள்." உண்மைதான். மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் நமக்கு ஒரு தைரியம். அவ்வளவுதான் காரணம். நகல்களுக்குச் சுயசான்று போதும் என்று 2014லேயே மத்திய அரசு எல்லா அமைச்சகங்களுக்கும் சொல்லிவிட்டது. இருந்தும் பச்சை மை கையெழுத்துக்காக ஒரு கெசட்டட் ஆபீசரைத் தேடி அலைந்த பையன்களை அதற்குப் பிறகும் பல வருடம் பார்த்தேன். நானும் அலையவிட்டிருக்கிறேன்.

ஜனவரி 9, இரவு

ஆனால் நோட்டரிகள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும், அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் தங்கையின் பத்திரம் ஒன்றுக்காக நான் போனேன். தங்கை வரவில்லை. வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் தட்டச்சு செய்த தாளை வாங்கினார், உள்ளே போனார், இரண்டு நிமிடத்தில் சிவப்பு முத்திரையோடு வந்தார். "என் முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்திட்டார்" என்று அதில் இருந்தது. என் தங்கை அப்போது எண்பது கிலோமீட்டர் தள்ளி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். வேலை முடிந்ததே என்ற சந்தோஷம் வேறு.

விதிப்படி நோட்டரி ஒரு பதிவேடு வைக்க வேண்டும். வரிசை எண், நாள், யார், முகவரி, என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம் எல்லாம் அதில் ஏற வேண்டும். முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்றுகூட 1956 விதிகளில் இருக்கிறது. வட்டமாக, ஐந்து சென்டிமீட்டர் விட்டத்தில், பெயரும் பகுதியும் பதிவு எண்ணும். ஆகவே தாளைக் கையில் வாங்கியதும் முத்திரையில் எண் இருக்கிறதா, தாளில் பதிவேட்டு வரிசை எண்ணும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தொழில் சான்று ஐந்து வருடத்துக்குத்தான், புதுப்பிக்க வேண்டும். முத்திரையில் காலாவதித் தேதியையும் சிலர் போடுகிறார்கள், நல்ல பழக்கம்.

கவுன்டரில் இந்தப் பக்கம் இருக்கிற எழுத்தருக்கு இவ்வளவு போதும். அந்தத் தாளில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. ஆள் நேரில் போனாரா என்று தெரிந்துகொள்ள வழியும் இல்லை, பதிவேட்டைக் கூப்பிட்டு வாங்கினால் ஒழிய.

ஜனவரி 10

டெண்டர் நோட்டீஸ் பற்றி ஒரு வரி. 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், அதன் விதிகள். அவசரம் என்று குறைத்தால் குறைத்தவர் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். எழுத்தர் வாய்மொழி உத்தரவுக்குக் குறைக்கக் கூடாது.

"எங்கள் ஊரில் நிலம் எடுக்கப் போகிறார்கள், பேப்பரில் வந்ததாம், நாங்கள் பார்க்கவே இல்லை" என்று கேட்டவருக்குக் கொஞ்சம் விரிவாக. 2013 நில எடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முதல்நிலை அறிவிக்கையை எங்கெங்கே வெளியிட வேண்டும் என்று அடுக்கியிருக்கிறது. அரசிதழில், இரண்டு நாளிதழ்களில் (ஒன்று அந்த வட்டார மொழியில்), ஊராட்சி அலுவலகத்தில் உள்ளூர் மொழியில், கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார் அலுவலகங்களில், இணையத்தில், பாதிக்கப்படும் பகுதிகளில். ஆட்சேபணைக்கு 60 நாள். ஊராட்சிப் பலகையும் சட்டத்தில் எழுதிய இடம் என்பதை எழுத்தர்களே மறந்துவிடுகிறார்கள். தாசில்தார் ஆபீசிலிருந்து உறை வரும், "யாருக்கோ வந்தது" என்று அலமாரியில் போய்விடும். 60 நாள் அலமாரிக்குள்ளேயே கழியும்.

சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பும் அப்படித்தான். 2006 அறிவிக்கைப்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. வரைவு அறிக்கையும் ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். ஒருமுறை அந்தத் தடிப் புத்தகத்தை ஒரு அலுவலகத்தில் நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்வைக்குத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது.

ஜனவரி 11

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

7ஆம் தேதி எழுதிய கதையில் ஒரு துண்டை விட்டுவிட்டேன். விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றதும் மேலே இருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார். தீர்மானப் புத்தகத்தில் கூட்டத்துக்கு முந்தின பக்கத்தில் இடம் இருந்தது. "7.8 அன்று அறிவிப்பு ஒட்டப்பட்டது, தண்டோரா போடப்பட்டது என்று எழுது" என்றார். எழுதினேன். இருபத்து நான்கு வயது, தற்காலிகப் பணி இன்னும் வரன்முறை ஆகவில்லை. இதெல்லாம் காரணம்தான், நியாயம் என்று சொல்லவில்லை.

அகப்பட்டது மையால் அல்ல. விசாரணைக்கு வந்தவர் தண்டோரா போட்ட பெரியவரைக் கூப்பிட்டு, "ஐயா, என்றைக்குத் தண்டோரா போட்டீர்கள்" என்று சாதாரணமாகக் கேட்டார். அவருக்குத் தேதி தெரியாது. "சந்தைக்கு மறுநாள்" என்றார். ஏன் நினைவிருக்கிறது என்றால், சந்தையில் வாங்கி வந்த தோலை அன்று காலைதான் பறைக்குக் கட்டினாராம். சந்தை அந்த வாரம் 7ஆம் தேதி. மறுநாள் எட்டு. நான் எழுதிய வரி அங்கேயே விழுந்தது.

மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன், ஒரு ஊதிய உயர்வு தள்ளிப்போனது. எழுதச் சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்து என்னுடையதுதானே.

ஜனவரி 11, இரவு

"தண்டோராவை நிறுத்தியது தப்பு என்கிறீர்களா" என்று உடனே ஒருவர் குதித்துவிட்டார். இல்லை. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்கு எழுதி நிறுத்தச் சொன்னார், ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்றார். சரியான வேலை. ஒரு சாதிக்காரர்களை மட்டும் அரசாங்கமே பறையைத் தூக்கித் தெருத்தெருவாகப் போகச் சொன்னது அத்தனை வருடம் நடந்ததே அசிங்கம். அந்தப் பெரியவருக்குக் கொடுத்த கூலியைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

நான் சொல்வது வேறு. அலுவலகத்தில் இருந்த ஆறு பேரின் எழுத்தைவிட, எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாய்ச்சொல் நின்றது. ஏனென்றால் அதில் தேதியைத் தாங்கிப் பிடிக்க வேறொரு சங்கதி இருந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிறவரிடம் இன்று யாரும் எதையும் எழுதி வாங்குவதில்லை. வாடகைச் சீட்டில் தேதி இருந்தால் உண்டு.

ஜனவரி 12

பலர் கேட்டதால் நான் பிறகு வைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். அரசாங்கப் படிவம் எதுவும் கிடையாது, என் சொந்த ஏற்பாடு. அறுபது பக்க நோட்டு ஒன்று. நோட்டீஸ் ஒட்டியதும் அங்கேயே நின்று எழுதுவேன்: எந்த நோட்டீஸ், எந்த இடம், எத்தனை மணி. பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரிடம் கையெழுத்து. ஒருவர் அலுவலகத்தில் சேராதவராக இருக்க வேண்டும். ரேஷன் கடைக்கு வந்தவர், பஸ்ஸுக்கு நிற்பவர், யாராக இருந்தாலும் சரி. நோட்டீஸின் கீழ்மூலையிலும் அதே தேதியைப் பேனாவால் எழுதுவேன். எடுக்கும்போது எடுத்த தேதியும்.

போன் வந்த பிறகு படம் எடுத்தேன். படத்தில் பலகை மட்டும் தெரிந்தால் போதாது. அன்றைய செய்தித்தாளை ஓரத்தில் பிடித்து எடுங்கள். கடத்தல்காரன் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒரு தம்பி "வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம், அது போதாதா" என்கிறார். போடுங்கள். ஆனால் அது கூடுதல். குழுவில் இல்லாதவர்தான் மனுக் கொடுப்பார்.

இன்னொன்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்ப வேண்டும் என்று படிவங்களில் அச்சடித்திருக்கிறதே, அஞ்சலகத்தில் பதிவுத் தபால் இல்லை என்கிறார்களே என்ற கேள்வி. 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அனுப்பிய ரசீதையும் சேர்ந்ததற்கான அச்சையும் அன்றே கோப்பில் தைத்துவிடுங்கள். இணையத்தில் கண்காணிப்பு விவரம் நெடுநாள் நிற்காது.

ஜனவரி 13

தலைவர் இல்லாத ஊராட்சியில் கிராம சபை நோட்டீஸில் யார் கையெழுத்து என்று கேட்டவருக்கு: 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. தலைவர் செய்ய வேண்டியதை அரசு நியமித்த தனி அலுவலர் செய்ய வேண்டும், கையெழுத்தும் அவருடையது. செயலர் "தலைவருக்காக" என்று போடக் கூடாது. இல்லாத ஒருவருக்காக எப்படிப் போடுவீர்கள்?

வக்கீல் அம்மா என் 11ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒரே வரி எழுதியிருக்கிறார்: "அதை எழுதும்போது நீங்களும் ஒரு நோட்டரிதான், இல்லாத ஆளுக்கு முத்திரை வைத்தீர்கள்." பதில் சொல்ல ஒன்றும் இல்லை. என் தங்கை பத்திரத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவன் நான்.

ஜனவரி 14

கேள்வி கேட்ட தம்பி நேற்று மாலையே ஒட்டிவிட்டாராம். படம் போட்டிருக்கிறார். பலகை, நோட்டீஸ், மூலையில் 13.1, செய்தித்தாளைப் பிடித்தபடி ஒரு கை. நல்லது. செய்தித்தாளில் தேதி தெரியவில்லை, சினிமாப் பக்கம்தான் தெரிகிறது. பொங்கலுக்குள் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள் தம்பி.

ஜனவரி 28

கிராம சபை நடந்துவிட்டது, கோரம் (குறைந்தபட்ச வருகை) குறைவில்லை, நாள் கணக்கு பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். அதோடு பெரியவர் விவகாரமும்.

பெரியவர் நோட்டரியிடம் நேரிலேயே போயிருக்கிறார். நோட்டரி அடையாள அட்டை பார்த்தார், சத்தியம் செய்யச் சொன்னார், பதிவேட்டில் ஏற்றினார், எல்லாம் முறைப்படி. வீட்டுக்கு வந்து மகனுக்குப் படம் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது: தட்டச்சு செய்தவர் குடும்ப அட்டைப் பெயரையும் எழுதவில்லை, பாஸ்போர்ட் பெயரையும் எழுதவில்லை, இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒரு பெயரை எழுதியிருக்கிறார். பெரியவரும் தன் பெயர்தானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது மூன்று பெயரும் ஒருவரே என்று எழுதிக்கொண்டு வந்து, ஊராட்சி முத்திரை கேட்டு மறுபடியும் தம்பி முன்னால் உட்கார்ந்திருக்கிறாராம்.